பேர் போடாத வேலை

பின்னல் என்ற சொல் தமிழுக்குப் புதியதன்று. கூந்தலைப் பின்னுகிறோம், கூடையும் பாயும் வலையும் பின்னுகிறோம், வேண்டியபோது கதையும் பின்னுகிறோம். ஆயினும் இரண்டு ஊசிகளைக் கொண்டு ஒரே நூலைக் கண்ணி கண்ணியாக இழுத்து ஆடையாக்கும் கலைக்கு மட்டும் நம்மவர் பேச்சில் இன்றும் 'நிட்டிங்' என்ற இரவற் சொல்லே வழங்குகிறது. சொல்லை இரவல் வாங்கிய நாம் அக்கலை நம்மிடையே வாழ்ந்த கதையை எழுதி வைக்கவும் மறந்துவிட்டோம். இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்து மாவனல்லைப் பகுதியை முன்வைத்து அக்கதையின் சில இழைகளை இங்கே எடுத்துக் காட்ட விரும்புகிறேன்.

மாவனல்லையை அறிந்தவர்கள் இதைக் கேட்டு நகைக்கக்கூடும். கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், கடுகண்ணாவைக் கணவாய் ஏறுவதற்கு முன்னர், மா ஓயாவின் கரையில் அமைந்த ஊர் அது. நுவரெலியாவின் பனியும் குளிரும் அங்கே இல்லை. புழுக்கமும் மழையும் மாறி மாறி வரும் இடம். அங்கே கம்பளி நூலுக்கு என்ன வேலை என்று கேட்பது நியாயமே. அண்மையில் யானைகளுக்குப் பேர்போன பின்னவலை இருக்கிறதே, பெயரிலேயே பின்னல் இருக்கிறதல்லவா என்று நண்பர் ஒருவர் வேடிக்கையாகச் சொன்னார். அந்தச் சிங்களப் பெயருக்கும் நமது பின்னலுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

ஆனால் பின்னல் குளிர்நாட்டுக்கே உரியது என்ற எண்ணம் வரலாற்றின்படி சரியன்று. உலகில் இதுவரை கிடைத்துள்ள மிகப் பழைய ஊசிப் பின்னல்கள் எகிப்திலிருந்து வந்தவை. இஸ்லாமியர் ஆட்சிக் காலத்தைச் சேர்ந்த, ஏறத்தாழ 11ஆம் நூற்றாண்டுக்கும் 14ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்ட காலுறைகள் அவை. நீலமும் வெள்ளையுமாகப் பருத்தி நூலில் பின்னப்பட்டவை. வெயில் நாட்டில், பருத்தியில் பிறந்த கலை பின்னரே ஐரோப்பாவின் ஆட்டு உரோமத்துக்குக் குடிபெயர்ந்தது. அதனினும் பழைய எகிப்தியக் காலுறைகளும் உண்டு. அவை ஒற்றை ஊசியால் முடிச்சிட்டுச் செய்யப்பட்டவை, வேறு வகை.

இலங்கையின் கண்டி இராச்சியத்தில் ஊசிப் பின்னல் பற்றிக் கிடைக்கும் தெளிவான பழைய சான்று ஒரு கைதியின் நூலில் இருக்கிறது. 1659ஆம் ஆண்டின் இறுதியில் மசூலிப்பட்டினத்துக் கரையில் புயலில் பாய்மரத்தை இழந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல், பழுது பார்ப்பதற்காகத் திருகோணமலைக்குத் தெற்கேயுள்ள கொட்டியாரத்துக்கு வந்தது. 1660இல் கப்பல் தலைவரையும் அவரது மகன் ரொபர்ட் நொக்ஸையும் மாலுமிகள் சிலரையும் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் பிடித்துச் சென்றனர். மகனுக்கு அப்போது வயது 19. தந்தை அடுத்த ஆண்டே காய்ச்சலில் மாண்டார். மகன் 19 ஆண்டுகளுக்கும் மேலாகக் கண்டி இராச்சியத்தில் இருந்து, 1679 ஒக்டோபரில் மன்னார்ப் பக்கத்து அரிப்புக் கோட்டையில் ஒல்லாந்தரிடம் தப்பிச் சேர்ந்தார். அவர் எழுதிய இலங்கை வரலாறு 1681இல் லண்டனில் வெளிவந்தது.

நொக்ஸையும் தோழர்களையும் சிறையில் அடைக்கவில்லை. கிராமங்களில் பிரித்து வைத்தார்கள். உணவு கொடுக்க வேண்டியது கிராமத்தார் கடமை; உடை கொடுக்க வேண்டும் என்ற கட்டளை இல்லை. வயிறு நிறைகிறது, உடுதுணி கிழிகிறது, பொழுதோ போகவில்லை. இந்த நிலையிலேயே ஆங்கிலக் கைதிகள் தொப்பி பின்னக் கற்றுக்கொண்டனர். ஒரு தொப்பிக்கு ஆன நூற்செலவு ஏறத்தாழ மூன்று பென்ஸ். விற்ற விலை ஒன்பது பென்ஸ் என்று நொக்ஸ் கணக்குச் சொல்கிறார். நல்ல இலாபம்தான். ஆனால் எல்லோரும் அதே தொழிலில் இறங்கவே தொப்பிகள் பெருகின, விலை விழுந்தது, அதையே நம்பியிருந்தவர்கள் வறுமையில் வாடினர். சந்தை பற்றிய பாடம் கற்பிப்பவர்கள் எடுத்துக்காட்டாகச் சொல்லத்தக்க நிகழ்ச்சி இது.

நொக்ஸ் சொல்லும் இன்னொரு தொப்பிக் கதை இதனினும் சுவையானது. ஒருநாள் அவர் தூண்டில் போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தபோது, முதியவர் ஒருவர் அவ்வழியே வந்து, இவருக்கு நூல் வாசிக்கத் தெரியுமா என்று உடனிருந்த சிறுவனிடம் விசாரித்தார். 1656இல் போர்த்துக்கேயர் கொழும்பை இழந்தபோது கிடைத்த புத்தகம் ஒன்று அவரிடம் இருந்தது. வாங்கிப் பார்த்தால் அது ஆங்கில விவிலியம். கையிலிருந்த ஒரே பொற்காசையும் கொடுத்துவிட நொக்ஸ் துடித்தார். சிறுவன் தடுத்துப் பேரம் பேசினான். முடிவில் பின்னிய தொப்பி ஒன்றுக்கு அந்நூல் கைமாறியது. சந்தையில் மதிப்பிழந்து போன பொருள், ஒரு மனிதனுக்கு அவன் வாழ்வின் பெரும் பேற்றை வாங்கிக் கொடுத்தது.

நொக்ஸ் பிற்பாடு வாழ்ந்த லெகுந்தெனியவும் எலதத்தவும் கம்பளைப் பக்கத்தில், கடுகண்ணாவை மலைக்கு மேலே இருப்பவை. கணவாயின் அடியில் கிடக்கும் மாவனல்லை அன்று நான்கு கோறளையைச் சேர்ந்த எல்லைப்புறம். ஆகவே இக்கலையின் பழைய சான்று மாவனல்லைக்கு மேலுள்ள மலையிலேயே இருக்கிறது என்று சொல்லலாம். ஆனால் நொக்ஸ் விட்டுச் சென்ற தொப்பிதான் வழிவழியாக நம் மக்களிடம் வந்தது என்று நான் சொல்லவில்லை. அந்த இழை அங்கேயே அறுந்துபோனது. நம் மக்கள் வந்த வழி வேறு.

1815இல் கண்டி வீழ்ந்தது. 1820களில் ஆங்கிலேயர் கொழும்பு–கண்டி வீதியை மலை குடைந்து அமைத்தனர். அதன் பின்னே கோப்பி வந்தது; 1869க்குப் பின் நோய் கண்டு கோப்பி அழியவே தேயிலை வந்தது; 1876இல் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் ஊன்றிய கன்றுகளிலிருந்து இறப்பர் வந்தது. திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து நம் மக்கள் கங்காணிகளின் பின்னே வந்தனர். வந்தவர்களுக்குத் தோட்டம் கொடுத்த கம்பளி துரைமார் பேசிய ஆங்கிலத்திலும் அதே பெயரில் இடம்பெற்றது. முரட்டு நெசவான அக்கம்பளி மழைக்குப் போர்வை, இரவுக்குப் படுக்கை. அதன் விலை கடனாகக் கணக்கில் ஏறிச் சம்பளத்தில் கழிந்தது. உழைப்பவர் தோளில் கிடந்த கம்பளிகூட அவருக்குச் சொந்தமாகும்வரை கடனே.

இத்தகைய வாழ்வில் பொழுதுபோக்கு என்ற சொல்லுக்கு இடமுண்டா? 1970களின் பிற்பகுதியில், தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்று வந்த காலத்தில், அவற்றின் நிலைபற்றிச் செய்தி எழுதுவதற்காக மாவனல்லைக்கு அப்பாலுள்ள இறப்பர்த் தோட்டமொன்றுக்குச் சென்றிருந்தேன். விடியற்காலையிலேயே மழை. மழை பெய்தால் பட்டை நனைந்துவிடும். பால் வெட்ட முடியாது. பால் வெட்டாவிட்டால் பேர் இல்லை. பேர் என்றால் தோட்டத்து வழக்கில் ஒருநாள் வேலைக்கான பதிவு. அரைநாள் வேலைக்கு அரைப்பேர். அன்று லயம் முழுவதும் பேரின்றி வீட்டிலிருந்தது. காம்பரா வாசலில் ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர் குழந்தைக் குல்லாய் பின்னிக்கொண்டிருந்தார். ஊசிகள் இரண்டும் பழைய குடைக் கம்பியைத் தேய்த்துச் செய்தவை. நூல் பழைய சுவெட்டர் ஒன்றை உருவி எடுத்தது.

எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். துரை பங்களாவில் ஆயாவாக இருந்த தன் தாயார் துரைசானி பின்னுவதைப் பார்த்தே கற்றாராம். ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லையாம். விற்பதற்கா என்று கேட்டபோது சிரித்தார். "இது பேர் போடாத வேலைங்க ஐயா. கங்காணி வந்து பாக்க மாட்டாரு. பால்வெட்டுல கத்தி ஒரு நூல் ஆழமாப் போனா மரத்துல காயம், கணக்கப்புள்ள கிட்ட ஏச்சு. இது தப்பிப் போச்சுன்னா உருவிட்டு மறுபடி போட்டுக்கலாம். யாரும் ஏச மாட்டாங்க."

பின்னற்கலையின் இன்பம் பற்றி நான் கேட்டவற்றுள் இதைவிடத் தெளிவான விளக்கம் வேறில்லை. இறப்பர் மரத்தில் பட்டைக்கு உட்புறம் மெல்லிய உயிர்ப்படை ஒன்று உண்டு. கத்தி அதைத் தொட்டுவிட்டால் புதுப்பட்டை ஒழுங்காக வளராது. முடிச்சு முடிச்சாகப் புடைத்துவிடும். அவ்விடத்தில் மீண்டும் பால்வெட்டுவது கடினம். நாள்தோறும் நூற்றுக்கணக்கான மரங்களில் அந்த நுண்ணளவைக் காப்பாற்ற வேண்டிய கைகள் அவை. பிழைக்கு மன்னிப்பில்லாத வேலையிலிருந்து வந்த கைகளுக்கு, பிழையை உருவிவிடலாம் என்பதே ஓய்வு. ஊசியில் நிற்கும் கண்ணிகளுள் ஒன்று நழுவினால் கீழ்வரிசைகளும் ஏணிபோல் அவிழும். பொறுமையாக ஒவ்வொரு படியாகத் தூக்கி மேலே கொண்டுவந்துவிடலாம். முழுதும் பிழைத்தாலும் நூல் வீணாவதில்லை. நெசவுத் துணியைக் கிழித்தால் கந்தல். பின்னலை அவிழ்த்தால் மீண்டும் நூல். மூத்த பிள்ளையின் சுவெட்டர் குறுகிப்போனால் உருவி, கழியில் சுற்றி, நனைத்துக் காயவைத்தால் சுருக்கம் நீங்கும். அடுத்த பிள்ளைக்கு அதுவே குல்லாயாகும். நம்மூர்ப் பின்னல் கோலாட்டத்தில் கயிறுகளைப் பின்னி, எதிர்த்திசையில் ஆடி அவற்றை அவிழ்க்கும்போதுதான் பார்ப்பவர் மகிழ்கின்றனர். அவிழ்ப்பதும் ஆட்டத்தின் பாதி.

புழுக்கமான ஊரில் இது எதற்கு என்ற கேள்விக்கும் அங்கேயே விடை கிடைத்தது. பிறந்த குழந்தையின் தலைக்கு மழைக்காலத்தில் குல்லாய். மார்கழி, தை விடியற் பனியில் வேலைக்குப் போகும் முதியவரின் காதுக்கு மறைப்பு. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்ட மகளுக்கு அனுப்பும் சீர். இவற்றுள் ஒன்றும் கடையில் விலைபோகாது. போகவேண்டும் என்று பின்னியவர் நினைக்கவுமில்லை.

விலை என்று வந்துவிட்டால் இயந்திரத்தோடு கை போட்டியிட இயலாது என்பது பழைய கதை. 1589இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் காலுறை பின்னும் பொறியைக் கண்டுபிடித்தார். எலிசபெத் அரசி அதற்கு உரிமம் வழங்க மறுத்தார். கையால் பின்னிப் பிழைக்கும் ஏழைகளின் பிழைப்புப் போய்விடும் என்று அவர் கூறியதாகக் கதை வழங்குகிறது. இருந்தும் பொறி வென்றது. 1811இல் நொட்டிங்ஹாம் பகுதியில் காலுறைத் தொழிலாளர் கூலி குறைந்து நொந்து பொறிகளையே உடைத்தனர். தமிழகத்தில் 1920களில் திருப்பூரில் தொடங்கிய பனியன் தொழிலால் அவ்வூர் உலகப் பின்னலாடை நகரங்களுள் ஒன்றாயிற்று. இலங்கையில் 1977க்குப் பின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. 1992இல் கிராமப்புறங்களில் 200 ஆடைத் தொழிற்சாலைகள் அமைக்கும் திட்டம் வந்தது. தோட்டத்துப் பெண் பிள்ளைகள் தையல் இயந்திரங்களின் முன்னே அமர்ந்தனர். ஆடை செய்வது அவர்களுக்குப் பேர் போடும் வேலையாயிற்று. மணிக்கு எத்தனை என்ற கணக்கோடு.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. அச்சம்பளம் பல லயங்களில் அடுப்பெரிய உதவியது. ஆனால் ஒரே கைகள் ஒரே வகை வேலையைச் செய்தும், ஒன்று களைப்பையும் மற்றது களிப்பையும் தந்தது ஏன் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். நேரத்தை யார் அளக்கிறார், பிழையை யார் தண்டிக்கிறார், செய்த பொருள் யாரிடம் போய்ச் சேரும் என்று யாருக்குத் தெரியும் என்ற மூன்றிலேயே வேறுபாடு இருக்கிறது. நொக்ஸின் தோழர்களுக்கும் இதுவே நேர்ந்தது. பொழுதுக்கும் உடைக்குமாகப் பின்னியவரை தொப்பி அவர்களைக் காத்தது. பிழைப்பையே அதில் தொங்கவிட்டபோது கைவிட்டது.

நொக்ஸுக்குக் கல்வி இருந்தது; நாடு திரும்பும் கப்பலும் வாய்த்தது; எழுதினார். அதனால் முந்நூற்று நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அவரது தொப்பியின் விலை மூன்று பென்ஸா ஒன்பது பென்ஸா என்று நமக்குத் தெரிகிறது. இறப்பர் லயங்களில் குடைக் கம்பியால் பின்னிய பெண்களைப் பற்றி அத்தகைய ஏடு எதுவும் இல்லை. தோட்டத்துப் பேரேடுகளில் அவர்கள் வெட்டிய பாலின் அளவு இருக்கும், வாங்கிய கம்பளியின் கடன் இருக்கும். பின்னிய குல்லாய் இராது. 1964 ஒப்பந்தத்தின் பின் பலர் தமிழகம் சென்றனர். வேறு பலர் பிற்காலத்தில் மத்திய கிழக்கிற்கும் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்றனர். எத்தனை பெட்டிகளின் அடியில் அக்குல்லாய்கள் போயினவோ!

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பாட்டியோ அத்தையோ பின்னிய ஒரு பொருள் இருந்தால், அவர் உயிரோடு இருக்கும்போதே அருகில் அமர்ந்து, யாரிடம் கற்றார், எந்த ஆண்டில், யாருக்காகப் பின்னினார் என்று கேட்டுக் குறித்து வையுங்கள். உழைப்புக்குப் பேர் போடக் கணக்கப்பிள்ளைகள் இருந்தார்கள். உழைப்பு முடிந்தபின் அப்பெண்கள் தமக்கென வைத்துக்கொண்ட அந்தச் சிறு பொழுதுக்குப் பேர் போட நம்மைவிட்டால் வேறு ஆளில்லை.