ஞாயிற்றொளியைக் கணித்த வரலாறு

மழையை அளப்பது எளிது. வெயிலை அளப்பது அரிது. பெல்மதுளையைச் சூழ்ந்த தேயிலை, இறப்பர்த் தோட்டங்களை நோக்குவார்க்கு இவ்வேறுபாடு பெரும் பொருளுடையது. இலங்கையின் மழைமானி நிலையங்கள் பல தோட்டங்களிலேயே அமைந்தன. கதிர்வீச்சுமானியோ விலைமிக்கது, எங்கும் வைக்கத்தக்கதன்று. எனவே, ஏனைய வானிலைக் குறிப்புகளிலிருந்து ஒளியைக் கணித்தறிய வேண்டியதாயிற்று. அம்முறை தோன்றியது இடைவெப்ப நாடுகளிலாகும்.

1853 ஆம் ஆண்டிலே கம்பெல் என்பார் மரக்கிண்ணத்திற் கண்ணாடிக் கோளமொன்றை வைத்து, குவிந்த வெயில் மரத்தைச் சுடும் தழும்பைக் கண்டார். 1879 இல் ஸ்ரோக்ஸ் என்னும் அறிஞர் மரத்திற்குப் பதிலாக உலோகச் சட்டத்தில் அட்டையைப் பொருத்தினார். அட்டையிற் கருகிய கோட்டின் நீளமே வெயில் எறித்த நேரமாயிற்று. எனினும் அது நேரத்தைக் காட்டியதேயன்றி ஆற்றலைக் காட்டவில்லை.

இக்குறையை நீக்கியவர் சுவீடன் நாட்டு அங்ஸ்ட்ரோம். 1924 இல், வெயில் நேரத்துக்கும் நிலத்தை அடையும் கதிர்வீச்சுக்குமுள்ள தொடர்பை அவர் எளிய சமன்பாடாக்கினார். தெளிந்த வானத்து ஒளியை அவர் அடிப்படையாகக் கொள்ள, 1940 இல் பிரெஸ்கொற் வளிமண்டலத்துக்கு அப்பாலுள்ள கதிர்வீச்சை அவ்விடத்தில் அமைத்தார். உள்ளூர் அளவீடு இல்லாவிடத்து, 1998 இல் உலக உணவு விவசாய நிறுவனம் பரிந்துரைத்த மாறிலிகளின்படி, முழு வெயில் நாளில் அதன் 75 வீதமும், வெயிலே இல்லாத நாளில் 25 வீதமும் நிலத்தை அடையும்.

வெயிற்பதிவும் இல்லாத இடங்களுக்கு 1982 இல் ஹார்கிரீவ்சும் சமானியும் வேறொரு வழி காட்டினர். முகிலற்ற நாளிற் பகல் சுடும், இரவு குளிரும். முகில் மூடின் இரண்டும் நெருங்கும். ஆதலின் உயர்ந்த, தாழ்ந்த வெப்பநிலைகளின் வேறுபாடே ஒளியை உணர்த்துமென்றனர்.

ஆயினும் பிறநாட்டு மாறிலிகளை அப்படியே ஏற்றல் தகாது. ஸ்ரொக்ஹோமிற் பகற்பொழுது மாரியில் ஏறத்தாழ 6 மணியாகவும் கோடையில் 18 மணியாகவும் மாறும். அங்கு ஒளியைப் பெரிதும் ஆள்வது பருவம். பெல்மதுளையில் ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணியே. இங்கு ஆள்வது முகில். மேலும், ஈரக்காற்று இரவுக் குளிரைத் தடுப்பதால் வெப்பநிலை வேறுபாடு மட்டும் பிழையான விடை தரக்கூடும். ஆகவே உள்ளூரிற் சில ஆண்டுகளாவது நேரே அளந்து, மாறிலிகளைத் திருத்துதல் இன்றியமையாதது.

இஃது ஏட்டளவிலான கணக்கன்று. கொழுந்து குறைந்தால் அரைப்பேர் இடும் வழக்கம் தோட்டங்களிலுண்டு. குறைவுக்குக் காரணம் கொய்தவள் கையா, ஒளி மறைத்த வானமா என்னும் வினாவுக்கு மழைமானி ஒன்றே சான்றாகாது. ஒளியின் கணக்கும் அருகிருப்பின், அவள் பக்கத்து நியாயமும் ஏட்டில் இடம்பெறும்.