ஏப்ரல் 15: அங்கே திறப்பு, இங்கே அடைப்பு

2023இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் காட்டு வான்கோழி வேட்டைப் பருவம் ஏப்ரல் 15ஆம் தேதி தொடங்கியது. அதே நாளில் இராமேஸ்வரம், மண்டபம், பாம்பன் துறைகளில் விசைப்படகுகள் கட்டப்பட்டன. ஆண்டுதோறும் வரும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தமிழ்நாட்டின் கிழக்குக் கரை முழுவதும் ஆரம்பமானது. அங்கே வேட்டைக்காரர்கள் காட்டுக்குள் போன அன்று இங்கே மீனவர்கள் கடலை விட்டுக் கரையேறினார்கள். இரண்டு முடிவுகளுமே இனப்பெருக்கக் காலத்தைக் கணக்கில் வைத்து எடுக்கப்பட்டவை.

இணை சேரும் காலத்தில் சுடலாம் என்கிறது ஓர் ஊர்ச் சட்டம். சினைக் காலத்தில் வலையே இறக்காதே என்கிறது இன்னோர் ஊர்ச் சட்டம். இரண்டும் எப்படிச் சரியாக இருக்க முடியும்? சரியாகத்தான் இருக்கின்றன. எதனால் என்று பார்த்தால், நம் தடைக்காலத்தில் விடுபட்டுப்போகும் ஒரு விஷயம் கண்ணில் படும்.

வான்கோழி என்றால் நமக்குத் தெரிந்தது பண்ணையில் வளர்வதும் கிறிஸ்துமஸ் சமயத்தில் விலைக்கு வருவதும்தான். காட்டு வான்கோழி வேறு. மெலிந்தது, வேகமாக ஓடுவது, பறந்து மரத்தில் ஏறி இரவு தங்குவது. கண் பார்வை கூர்மையானது. சிறு அசைவைக்கூட விடாது. காடழிப்பாலும் கட்டுப்பாடற்ற வேட்டையாலும் 1930களில் அமெரிக்கா முழுவதிலும் சுமார் 2 லட்சம் பறவைகளே மிஞ்சியிருந்தன. இன்று ஏறத்தாழ 60 லட்சம். பறவைகள் நிறைந்த காட்டில் வலை வீசிப் பிடித்து, அற்றுப்போன காடுகளில் கொண்டுபோய் விட்டார்கள். அதற்கான பணத்தில் பெரும்பங்கு வேட்டைக்காரர்களிடமிருந்தே வந்தது. 1937இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி வேட்டைத் துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் 11 சதவீத வரி உண்டு. அந்த வரி மாநிலங்களின் வனவிலங்குப் பணிக்குப் போகிறது.

இந்த வேட்டைக்கான ஆயத்தம் பெரும்பாலும் காதால் நடக்கிறது. பருவம் திறப்பதற்கு வாரக்கணக்கில் முன்பே, விடியுமுன் காட்டோரம் போய் நின்று ஆண் பறவையின் கொக்கரிப்பு எந்த மரத்திலிருந்து வருகிறது என்று கேட்கிறார்கள். சிலர் ஆந்தை போல் கத்திப் பார்ப்பார்கள். திடுக்கிட்ட ஆண் பதில் குரல் கொடுத்துத் தான் இருக்கும் இடத்தைக் காட்டிவிடும். பிறகு பெட்டையின் குரலைப் பழகுகிறார்கள். அதற்கு மரப்பெட்டி, சிலேட்டுத் துண்டு, வாய்க்குள் வைத்து ஊதும் சிறு சவ்வு என்று பல கருவிகள். அட்டையில் சுட்டு, ரவை எத்தனை தூரத்தில் எவ்வளவு விரிகிறது என்று பார்த்து வைத்துக்கொள்கிறார்கள். உடுப்பில் சிவப்பு, வெள்ளை, நீலம் கூடாது. ஆண் வான்கோழியின் தலையில் உள்ள நிறங்கள் அவை என்பதால் இன்னொரு வேட்டைக்காரர் தவறிச் சுட்டுவிட வாய்ப்புண்டு. உட்காரும்போது தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்க்க வேண்டும்.

இராமநாதபுரத்துக் கரிசல் காட்டுக்கும் தேரிக்காட்டுக்கும் இந்த வித்தை புதிதல்ல. பழக்கிய கௌதாரியைக் கூண்டோடு புதருக்குள் வைத்து, அது கத்தக் கத்த, சண்டைக்கு வரும் காட்டுக் கௌதாரியைக் கண்ணியில் மாட்டும் வழக்கம் இங்கே நெடுநாள் இருந்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் குற்றமாக்கியது. ஆக்கியது நல்லதே. கௌதாரிக் கண்ணிக்குச் சேவலும் பெட்டையும் ஒன்று. எத்தனை பிடிக்கலாம் என்ற கணக்கும் கிடையாது.

அமெரிக்கச் சட்டத்தின் நுட்பம் இங்கேதான் இருக்கிறது. வசந்தகால வேட்டையில் நெஞ்சில் தாடி போல முடிக்கற்றை தொங்கும் பறவையை மட்டுமே சுடலாம். அநேகமாக அது ஆண்தான். ஓர் ஆண் பல பெட்டைகளோடு சேரும். சேர்ந்த பின் கூட்டையோ குஞ்சையோ எட்டிப் பார்க்காது. பெட்டை தரையில் பத்துப் பன்னிரண்டு முட்டையிட்டு 28 நாள் தனியாக அடைகாக்கும். பெட்டைகள் அடையில் உட்காரத் தொடங்கிய நேரம் பார்த்து ஆண்களில் சிலவற்றை எடுத்தால் அடுத்த தலைமுறைக்குப் பெரிய சேதமில்லை என்பது கணக்கு. துப்பாக்கி ஒரு நேரத்தில் ஒரு பறவையைத்தான் குறிவைக்கும். விசையை அழுத்துமுன் அது ஆணா பெட்டையா என்று பார்த்துவிடலாம். பருவத்தைத் திறந்துவைக்க முடிவதற்குக் காரணம் அந்தக் கணநேரத் தெரிவுதான்.

இனி இராமேஸ்வரத்துக்கு வருவோம்.

தமிழ்நாட்டில் தடைக்காலம் 2001இல் நடைமுறைக்கு வந்தது. முதலில் 45 நாள், ஏப்ரல் 15 முதல் மே 29 வரை. 2017 முதல் 61 நாள், ஜூன் 14 வரை. கட்டுப்பாடு விசைப்படகுகளுக்குத்தான், நாட்டுப்படகுகளும் வல்லங்களும் வழக்கம்போல் தொழிலுக்குப் போகும்.

தடைக்காலத்தில் துறை சும்மா இருப்பதில்லை. படகைக் கரையேற்றி, அடிப்பலகையில் ஒட்டிய சிப்பியையும் பாசியையும் சுரண்டுகிறார்கள். பலகை இடுக்குகளை அடைக்கிறார்கள், வண்ணம் பூசுகிறார்கள், எஞ்சினைக் கழற்றி மாட்டுகிறார்கள். மீன்வளத் துறை அதிகாரிகள் படகுகளை ஆய்வு செய்கிறார்கள். நிழல் உள்ள இடமெல்லாம் வலை விரிந்து கிடக்கிறது. கால் பெருவிரலில் வலையின் ஓரத்தை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, நைலான் நூல் சுற்றிய வலை ஊசியைக் கண்ணிக்குக் கண்ணி நுழைத்து முடிச்சுப் போடுகிறார் ஒருவர். கண் வலையில் இருப்பதில்லை, பேச்சு பக்கத்து ஆளோடு. ஆனாலும் முடிச்சுக்கு முடிச்சு இடைவெளி பிசகுவதில்லை. ஜூன் நெருங்க நெருங்க ஐஸ், டீசல், சாப்பாட்டுச் சாமான் எல்லாம் ஏறும். அனுமதி டோக்கன் வாங்கியதும் புறப்பாடு.

இத்தனை உழைப்பும் முதல் நாள் மீன்பாட்டுக்காக. இரண்டு மாதம் ஓய்ந்த கடலில் இறாலும் நண்டும் கணவாயும் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு அது. அதில் வரும் பணத்தில்தான் பழுது பார்த்த கடன் அடைய வேண்டும், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டும். வேட்டைக்காரரின் ஆயத்தத்தோடு இதை ஒப்பிடும்போது ஒன்றை மறக்கக் கூடாது. டென்னசியில் வேட்டை பொழுதுபோக்கு; பருவம் தள்ளிப்போனால் வாரக் கடைசி ஒன்று வீணாகும், அவ்வளவுதான். இராமேஸ்வரத்தில் 61 நாள் என்றால் அடுப்பு எரிவதே கேள்வி. தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 5,000 ரூபாயாக இருந்து, 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் 8,000 ரூபாயாக உயர்த்தி அறிவிக்கப்பட்டது. இரண்டு மாதத்துக்கு அது எவ்வளவு தூரம் வரும் என்பதை வாசகரே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அங்கே காப்பதற்கான செலவைப் பொழுதுபோக்குக்காரர்கள் வரியாகக் கட்டுகிறார்கள். இங்கே காப்பதன் சுமையை ஏழைகள் பசியாகச் சுமக்கிறார்கள். இதைச் சொல்லாமல் மீனவருக்குப் புத்தி சொல்வது நியாயமில்லை.

சொல்ல வேண்டியது வலையைப் பற்றி. விசைப்படகு இழுக்கும் வலையான இழுவைமடி கடலடியை உரசிக்கொண்டு போகிறது. பாக் நீரிணை ஆழமில்லாத கடல். அடியில் கடற்புல் வெளிகள். இறால் குஞ்சுகள் வளர்வதும் சிறு மீன்கள் ஒதுங்குவதும் அங்கேதான். மடிக்குள் போவது ஆணா பெண்ணா, சினையா குஞ்சா என்று படகோட்டிக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. வலை மேலே வந்து தளத்தில் கொட்டிய பிறகுதான் தெரியும்; அதற்குள் பெரும்பாலானவை செத்திருக்கும். இறாலும் நண்டும் கணவாயும் தனித்தனிக் கூடைக்குப் போக, மிச்சம் ஒரு குவியலாகக் கிடக்கும். விரல் நீளக் காரல், கண்ணாடி போன்ற குஞ்சு மீன்கள், கடற்குதிரை, சிறு நண்டு, பெயர் சொல்ல முடியாத பொடிகள். இந்தக் கரையில் அதற்குச் சங்காயம் என்று பெயர். காயவைத்து மீன்மாவுக்கும் கோழித் தீவனத்துக்கும் விற்கிறார்கள். வளர்ந்திருந்தால் கிலோ நூற்றுக்கணக்கில் போகக்கூடிய மீன் அந்தக் குவியலில் மிகக் குறைந்த விலைக்குப் போகிறது.

தெரிவு செய்ய முடியாத கருவி என்பதால்தான் கடலைக் காலம் வைத்து மூட வேண்டியிருக்கிறது. துப்பாக்கிக்குப் பருவம் திறக்கலாம். இழுவைமடிக்கு மூடித்தான் ஆக வேண்டும். இரண்டு சட்டங்களும் சரி என்று முதலில் சொன்னதன் பொருள் இது. ஆனால் கேள்வி அதோடு முடியவில்லை. ஜூன் 15க்குப் பிறகு அதே மடி, அதே கண்ணி, அதே கடற்புல். மூடியிருந்த நாட்களில் பிறந்த குஞ்சுகளைத் திறந்த முதல் வாரத்திலேயே சங்காயமாக அள்ளினால் 61 நாள் பசிக்குக் கிடைத்த கூலி என்ன?

டென்னசி இன்னொன்றையும் காட்டுகிறது. அங்கே கடந்த சில ஆண்டுகளாகக் குஞ்சுகள் போதுமான அளவு பிழைப்பதில்லை என்ற கவலை எழுந்தது. 2023இல் பருவத் தொடக்கத்தை இரண்டு வாரம் தள்ளி வைத்தார்கள். ஒருவர் சுடக்கூடிய எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தார்கள். தேதியை மட்டும் மாற்றாமல், ஆளுக்கு எத்தனை என்பதையும் கூடவே குறைத்தார்கள். நம்மிடம் 45 நாள் 61 ஆனது. திறந்திருக்கும் மீதி 304 நாளில் மடி எதை விட்டுவைக்க வேண்டும் என்பதை மட்டும் யாரும் துறைமுகத்தில் நின்று கேட்பதில்லை.

கேட்பதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. இரண்டு படகுகள் சேர்ந்து இழுக்கும் இரட்டைமடிக்குத் தடை உண்டு. இழுவைமடியின் கடைசிப் பகுதியில், மீன் சேரும் இடத்தில், கண்ணி அளவு 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்ற விதியும் உண்டு. கண்ணியின் வடிவமும் முக்கியம். வழக்கமான சாய்சதுரக் கண்ணி, வலை இழுபடும்போது நீண்டு ஒடுங்கி, கிட்டத்தட்ட மூடிக்கொள்ளும். சதுரக் கண்ணி இழுவையிலும் திறந்தே இருக்கும், குஞ்சு தப்பிக்கும். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இதை நீண்ட காலமாகப் பரிந்துரைத்து வருகிறது. இன்னொரு பக்கம் மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி மையம் பச்சை வரி இறால் குஞ்சுகளை வளர்த்துப் பாக் நீரிணையில் விட்டுவருகிறது. ஒரு கை விடுகிறது, இன்னொரு கை அள்ளுகிறது.

தெரிவு செய்யத் தெரிந்தவர்கள் இதே கரையில் இருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்திலும் அக்கம்பக்கத்துக் கடலோரக் கிராமங்களிலும் கடல்பாசி சேகரிக்கும் பெண்கள், பாறையைச் சுரண்டும் இரும்புக் கருவிகளைத் தாங்களாகவே கைவிட்டார்கள். மாதத்தில் 12 நாள் மட்டும் கடலில் இறங்குவது என்றும், தடைக்காலத்தில் 45 நாள் பாசி எடுப்பதில்லை என்றும் கூடிப் பேசி முடிவு செய்தார்கள். இவர்களுள் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி விருது கிடைத்தது. வெறும் கையால் பிடுங்கும்போது எதை எடுக்கிறோம், எதை விடுகிறோம் என்று தெரியும். மறுபடி தழைக்க வேர்ப்பிடிப்பை விட்டுவைக்கலாம். டென்னசிக்காரர் விசையை அழுத்துமுன் செய்யும் அதே வேலைதான் இது.

பாக் நீரிணையில் திங்கள், புதன், சனி விசைப்படகு; மற்ற நாட்கள் நாட்டுப்படகு என்ற ஏற்பாடும் மீனவர்களுக்கிடையே வந்த மோதல்களின் பின் உண்டானதே. நாட்டுப்படகில் போகிறவர்கள் எல்லோரும் குறையற்றவர்கள் என்றும் சொல்ல மாட்டேன். சினை நண்டு அவர்கள் வலையிலும் ஏறுகிறது, சந்தைக்கும் வருகிறது. ஆனால் நண்டு வலையின் கண்ணியைப் பெரிதாக்கினால் சிறு நண்டு நழுவும். சினை நண்டை உயிரோடு கடலில் விட முடியும். இப்போதுள்ள இழுவைமடியில் அந்த வாய்ப்பு மிகக் குறைவு.

இந்திய-இலங்கைக் கடல் எல்லைப் பிரச்சினையும் இதனோடு கோர்த்துக் கிடக்கிறது. இலங்கை 2017இல் இழுவைமடித் தொழிலைச் சட்டப்படி தடை செய்தது. அங்குள்ள வடமாகாணத் தமிழ் மீனவர்கள் முன்வைக்கும் முறையீடும் இந்த மடியைப் பற்றியதே. நம் பக்கத்தில் 2017இல் தொடங்கிய ஆழ்கடல் மீன்பிடித் திட்டம், மூன்று ஆண்டில் 2,000 இழுவைப் படகுகளை மாற்றி, தூண்டில் கட்டிச் சூரை பிடிக்கும் படகுகளைத் தர இலக்கு வைத்தது. படகு ஒன்றுக்கு 80 லட்சம் ரூபாய் என்று கணக்கிட்டு, மத்திய அரசு பாதியும் மாநில அரசு 20 சதவீதமும் தந்தன. நிறைவேறியது இலக்கின் சிறு பகுதிதான். பாக் நீரிணையில் ஓரிரவுத் தொழிலுக்குப் பழகியவரை வாரக்கணக்கில் ஆழ்கடலில் இருக்கச் சொன்னால் அது வேறு தொழில். பயிற்சியும் காலமும் கடன் சலுகையும் இன்னும் நிறைய வேண்டும்.

அதுவரை செய்யக்கூடியது ஒன்று கையருகில் இருக்கிறது. தடைக்காலத்தில் படகை ஆய்வு செய்யும் அதிகாரிகள் மடியையும் விரித்து அளக்கட்டும். 40 மில்லிமீட்டருக்குக் குறைந்த கண்ணி உள்ள படகுக்கு ஜூனில் டோக்கன் தரக் கூடாது. சதுரக் கண்ணிக்கு மாறுகிறவருக்கு மடியின் விலையை அரசே தரட்டும். 61 நாள் பட்டினி கிடந்தவரிடம் அதையும் கேட்க முடியாது. மீன் வாங்கும் நாமும் சினை நண்டையும் குஞ்சு மீனையும் வேண்டாம் என்று கடையிலேயே சொல்லிவிட வேண்டும்.