பெயர் பெறாத குரல்கள்

ஒரு குரலைக் கேட்ட மாத்திரத்தில் ‘இது யாருடைய குரல்?’ என்று வினவுவது செவியின் இயல்பு. கண் அங்ஙனம் வினவுவதில்லை. திரையிலே ஓர் அழகிய முகம் வாயசைக்க, அவ்வசைவோடு இணைந்து இனியதொரு கானம் எழுமாயின், முகத்துக்குரியவரே பாடுகின்றார் என்று கண் முடிவு கட்டிவிடுகின்றது; செவியும் அம்முடிவுக்கு இணங்கிவிடுகின்றது. இந்த இணக்கத்தை நம்பியே அமெரிக்காவின் ஹொலிவூட் படநிலையங்கள் பல ஆண்டுகளாக இசைப்படங்களை ஆக்கி உலகெங்கும் அனுப்பின. அப்படங்களிலே பாடியவர் பலர். பெயர் பெற்றவர் சிலர். பாடியும் பெயர் பெறாத பின்னணிப் பாடகர்களின் வரலாறே இன்றைய பேச்சின் பொருளாகும்.

பேசும்படம் பிறந்த வேளையில் இந்நிலைமை இருந்ததில்லை. 1927ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் நியூயோர்க் நகரில் ‘த ஜாஸ் சிங்கர்’ என்னும் படம் வெளியாயிற்று. அல் ஜோல்சன் என்னும் மேடைப் பாடகர் அதில் தாமே பாடி நடித்தார். அக்காலத்திற் படப்பிடிப்பும் ஒலிப்பதிவும் ஒரே வேளையில் நிகழ்ந்தன. வாத்தியக்காரர் அருகிலிருந்து வாசிக்க, நடிகர் ஒலிவாங்கியை விட்டு விலகாது நின்று பாட வேண்டியிருந்தது. 1929இல் எம்.ஜி.எம். நிலையத்தார் ‘த புரோட்வே மெலடி’ என்னும் படத்தைத் தயாரித்தபோது, ஒரு நடனக் காட்சியை மீண்டும் எடுக்க வேண்டியதாயிற்று. பாட்டின் ஒலிப்பதிவு நன்றாகவே அமைந்திருந்தமையால், அதனை ஒலிபெருக்கியில் ஒலிக்கச் செய்து, அதற்கேற்ப நடிப்பை மட்டும் புதிதாகப் படம் பிடித்தனர். செலவும் குறைந்தது, படப்பிடிப்பும் எளிதாயிற்று. அதனோடு வேறோர் உண்மையும் வெளிப்பட்டது. பாட்டை முன்னரே பதிவு செய்து வைத்துக்கொள்ளலாமெனின், பாடுபவரும் நடிப்பவரும் ஒருவராகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

படநிலையங்களுக்கு இது பேருதவியாயிற்று. முகப்பொலிவும் நடனத் திறனும் உடைய நடிகைக்குக் குரல்வளம் இல்லையெனில், அதனை வேறொருவரிடமிருந்து பெற்றுக்கொள்ளலாம். 1946இல் வெளியான ‘கில்டா’ என்னும் படத்திலே றீட்டா ஹேவேர்த் பாடிய பாடல்கள் எனப் புகழ்பெற்றவற்றிற்கு அனிற்றா எல்லிஸ் என்பார் குரல் கொடுத்தார். சிறந்த நடனக்காரியான சிட் சரிஸ், 1953இல் ‘த பாண்ட் வகன்’ படத்தில் ஆடியபோது, பாடியவர் இந்தியா அடம்ஸ் என்னும் பாடகி. அப்படத்துக்கென அவர் பாடிய ஒரு பாட்டு, படம் வெளிவருமுன் நீக்கப்பட்டது. நீக்கிய பாட்டை நிலையத்தார் வீணாக்கவில்லை. அதே ஆண்டில் வெளியான ‘டோர்ச் சோங்’ என்னும் வேறொரு படத்தில், ஜோன் குறோபோர்ட் என்னும் நடிகையின் வாயசைவுக்கு அதே பாட்டைப் பொருத்திவிட்டனர். ஒருமுறை பாடிய ஒரு குரல் இரண்டு முகங்களுக்கு உரியதாயிற்று. பாடியவருக்கோ இரண்டிலும் முகமில்லை.

இந்த வழக்கத்தின் விநோதத்தை ஹொலிவூட் தானே ஒரு கதையாக்கியது. 1952இல் வெளியான ‘சிங்கிங் இன் த றெயின்’ என்னும் படம், ஊமைப்படம் மறைந்து பேசும்படம் தோன்றிய காலத்தை நகைச்சுவையோடு சித்திரிப்பது. கொடூரமான குரலையுடைய ஒரு பெரிய நடிகைக்காக, பெயரறியாத இளம்பெண் ஒருத்தி திரைக்குப் பின்னின்று பாடுகின்றாள். முடிவில் திரை விலக்கப்படுகின்றது. உண்மையிற் பாடியவள் யாரென்று சபையோர் அறிந்து ஆரவாரிக்கின்றனர். இளம்பெண்ணாக நடித்தவர் டெபி றெனோல்ட்ஸ். ஆனால் அவர் பாடுவதாகக் காட்டப்பட்ட பாடல்களுட் சிலவற்றை உண்மையிற் பாடியவர் பெற்றி நொய்ஸ் என்னும் வேறொரு பெண். அவர் பெயர் படத்தின் பெயர்ப்பட்டியலில் இல்லை. மறைக்கப்பட்ட குரலுக்கு நீதி கேட்ட படமே ஒரு குரலை மறைத்துக்கொண்டு வெளிவந்தது.

இவ்வரலாற்றிலே முதன்மையாக நினைக்கத்தக்கவர் மார்ணி நிக்ஸன் என்னும் அம்மையார். கலிபோர்னியாவில் 1930ஆம் ஆண்டு பிறந்த இவர், சிறு வயதில் வயலின் பயின்றார். பின்னர் முறையாகச் சங்கீதம் கற்றார். இளமையில் எம்.ஜி.எம். நிலையத்தில் கடிதம் கொண்டு செல்லும் சிறு வேலை பார்த்தவர், அங்கேயே குழந்தை நட்சத்திரமான மார்கிறட் ஓபிறையனுக்குக் குரல் கொடுக்கும் வாய்ப்பைப் பெற்றார். அது 1948ஆம் ஆண்டு. எந்தச் சுரத்தையும் கேட்ட மாத்திரத்தில் அறியும் செவியும், எவருடைய குரலின் சாயலையும் தன் குரலில் ஏற்றிக்கொள்ளும் ஆற்றலும் அவருக்கு வாய்த்திருந்தன. 1953இல் மர்லின் மன்றோ வைரங்களைப் புகழ்ந்து பாடும் பிரபலமான பாட்டிலும், மன்றோவின் குரலுக்கு எட்டாத உச்சச் சுரங்களை நிக்ஸனே பாடினார்.

1956இல் ‘த கிங் அன்ட் ஐ’ என்னும் படத்தில் டெபோரா கேர் நாயகியாக நடித்தார். சீயம் நாட்டு அரசனின் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டச் சென்ற ஆங்கில ஆசிரியையின் கதை அது. பாடல்களுக்கு மார்ணி நிக்ஸன் நியமிக்கப்பட்டார். நடிகையும் பாடகியும் அருகருகே நின்று ஒத்திகை செய்தனர். ஒருவர் மூச்சு விடும் இடத்தில் மற்றவர் மூச்சு விட்டார். ஒரே பாட்டில் பேச்சாக வரும் இடங்களைக் கேரும், இசையாக வரும் இடங்களை நிக்ஸனும் எடுத்துக்கொண்டு, எங்கு ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கினார் என்று தெரியாவண்ணம் பாடினர். அவ்வேலைக்குத் தாம் பெற்ற ஊதியம் 420 டொலர் என்று நிக்ஸன் பிற்காலத்திற் கூறியுள்ளார். தாம் பாடியதை வெளியிற் சொன்னால் இனி இந்நகரில் வேலை கிடையாது என்று நிலையத்தார் எச்சரித்ததாகவும் கூறியுள்ளார். அவர் சொல்லவில்லை, சொன்னவர் டெபோரா கேர். தமக்காகப் பாடியவர் இன்னாரென்று அந்த நடிகையே பத்திரிகையாளருக்கு அறிவித்தார். புகழைப் பகிர்ந்துகொள்வதால் அது குறைந்துவிடும் என்று அவர் அஞ்சவில்லை.

எல்லா இடத்தும் இத்தகைய இணக்கம் நிலவியதில்லை. றோமியோ ஜூலியட் கதையை நியூயோர்க் நகரத்துச் சேரிகளுக்கு மாற்றியமைத்த ‘வெஸ்ட் சைட் ஸ்ரோறி’ 1961இல் படமாக வந்தது. நாயகி நடாலி வூட் பாடல்களைத் தாமே பாடிப் பதிவு செய்தார். அக்குரலே படத்தில் இடம்பெறும் என்று நம்பினார். படப்பிடிப்பு முடிந்த பின்னரே, தம் குரல் அகற்றப்பட்டு மார்ணி நிக்ஸனின் குரல் சேர்க்கப்படும் என்பதை அறிந்தார். ஆதலின் நிக்ஸன், ஏற்கெனவே படமாகிவிட்ட உதடுகளின் அசைவைப் பார்த்து, பிழைபட்ட இடங்களிலும் அதற்கேற்பத் தம் பாட்டை இழுத்தும் சுருக்கியும் பொருத்த வேண்டியதாயிற்று. நாயகனுக்கு ஜிம்மி பிறையன்ற் என்பவர் பாடினார். அப்படத்தின் இசைத்தட்டு அமெரிக்க விற்பனை வரிசையில் 54 வாரங்கள் முதலிடத்தில் நின்றது. ஒப்பந்தப்படி அவ்வருவாயில் நிக்ஸனுக்குப் பங்கில்லை. இசையமைத்த லெனாட் பேர்ண்ஸ்டைன் இதனை அறிந்து, தமக்குரிய உரிமைப் பணத்திலிருந்து கால் வீதத்தை அவருக்கு அளித்தார். நூற்றிலே கால் பங்கு, தொகை சிறிதுதான். ஆயினும் பாடியவருக்கு உரிமை உண்டு என்பதை அச்சிறு தொகை ஏற்றுக்கொண்டது.

மூன்றாவதாக வந்தது 1964இல் வெளியான ‘மை பெயார் லேடி’. பூ விற்கும் ஏழைப் பெண்ணொருத்தியின் பேச்சைத் திருத்தி அவளை உயர்குலப் பெண்ணாக்குவதே கதை. குரலே ஒருவரின் தகுதியை நிருணயிக்கின்றது என்று காட்டும் கதையிலேதான் குரல் பற்றிய பெருஞ் சர்ச்சை எழுந்தது. 1956 முதல் நியூயோர்க் மேடையில் அப்பாத்திரத்தைப் பாடி நடித்துப் புகழ்பெற்றவர் ஜூலி அண்ட்றூஸ். திரையிரசிகர்கள் அவரை அறியார் என்று கருதிய தயாரிப்பாளர் ஜக் வோர்னர், புகழ்மிக்க ஓட்றி ஹெப்பேர்னைத் தேர்ந்தெடுத்தார். ஹெப்பேர்ன் விடாது பயிற்சி செய்து பாடல்களைப் பதிவு செய்தும், ஒரு சில பகுதிகள் தவிர ஏனையவை நிக்ஸனின் குரலிலேயே அமைந்தன. நாயகன் றெக்ஸ் ஹரிசனோ முன்பதிவுக்கு உடன்படவில்லை. கழுத்துப்பட்டியில் மறைத்து வைத்த சிறு ஒலிவாங்கியின் துணையோடு, படப்பிடிப்பு வேளையிலேயே தம் பாடல்களைப் பாதி பேச்சும் பாதி இசையுமாக ஒப்புவித்தார்.

செய்தி வெளியாகிவிட்டது. அப்படம் 12 ஒஸ்கார்ப் பரிந்துரைகளைப் பெற்று 8 பரிசுகளை வென்றது. றெக்ஸ் ஹரிசன் சிறந்த நடிகரானார். ஓட்றி ஹெப்பேர்னின் பெயரோ பரிந்துரையிற்கூட இடம்பெறவில்லை. குரல் அவருடையதன்று என்பதே காரணம் என அன்று பலர் கருதினர். அவ்வாண்டின் சிறந்த நடிகைக்குரிய பரிசு ‘மேரி பொப்பின்ஸ்’ படத்தில் நடித்த ஜூலி அண்ட்றூஸைச் சென்றடைந்தது. மறைத்து வைத்த குரல் வெளிப்பட்டபோது, எவர் புகழைக் காக்க மறைத்தார்களோ அவருக்கே அது ஊறாக முடிந்தது.

நன்றாகப் பாட வல்லவரும் இவ்வழக்கத்தினின்று தப்பவில்லை. ‘சவுத் பசிபிக்’ என்னும் இசை நாடகத்தில் பாடி நடித்தமைக்காக 1950இல் டோனி பரிசு பெற்றவர் ஜுவானிற்றா ஹோல். அப்பரிசை வென்ற முதற் கறுப்பின அமெரிக்கர் அவரே. 1958இல் அந்நாடகம் படமானபோது அதே பாத்திரத்தில் அவரே நடித்தார். குரல் மட்டும் மியூறியல் சிமித் என்னும் வேறொருவருடையதாயிற்று. பரிசு பெற்ற குரலையும் நீக்கிவிட்டு, நீக்கியதை மறைக்கவும் படநிலையத்தாருக்குத் தயக்கம் இருந்ததில்லை.

ஒருவர் ஆட இன்னொருவர் பாடுவது குற்றமா? நம் நாட்டுக்கூத்தில் அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் களரியிலேயே நின்று, ஆடுபவரின் பாட்டை ஏற்றுப் பாடுகின்றனர். அதனைக் காண்போர் எவரும் ஏமாற்றப்பட்டதாக எண்ணுவதில்லை. குரலை இரவல் பெறுதல் கலைக்கு இழுக்கன்று; இரவல் தந்தவரின் பெயரை மறைத்தலே இழுக்கு. ஹொலிவூட் நிலையங்களுக்கு நட்சத்திரமே முதல். அந்நட்சத்திரம் எல்லாம் வல்லவர் என்ற நம்பிக்கை குலைந்தால் வியாபாரம் குன்றும் என்று அஞ்சினர். அவ்வச்சத்துக்குப் பாடகரின் பெயர் பலியாயிற்று.

இந்தியப் படவுலகிலும் தொடக்கத்தில் இதே நிலை இருந்தது. 1949இல் வெளியான ‘மஹால்’ என்னும் இந்திப் படத்தின் புகழ்மிக்க பாட்டு இசைத்தட்டாக வந்தபோது, பாடியவரின் பெயருக்குப் பதிலாகக் ‘காமினி’ என்ற கதாபாத்திரத்தின் பெயரே அதிற் பொறிக்கப்பட்டிருந்தது. வானொலியிற் கேட்ட மக்கள் ‘பாடியவர் யார்?’ என்று எழுதிக் கேட்டனர். அதன் பின்னரே லதா மங்கேஷ்கர் என்னும் பெயர் வெளிவந்தது. பின்னணிப் பாடகருக்குத் தனிப் பரிசு வேண்டுமென்று அவர் வற்புறுத்தினார். 1959இல் பிலிம்பெயார் பரிசுகளில் அப்பிரிவு சேர்க்கப்பட்டு, முதற் பரிசும் அவருக்கே கிட்டியது. வானொலியில் முகம் இல்லை. ஆதலின் அங்கே செவியின் இயல்பான வினாவைத் தடுக்க எவராலும் இயலவில்லை. இந்திய நாட்டிற் பின்னணிப் பாடகர் புகழ்பெற்றமைக்கு இவ்வினாவும் ஒரு காரணமாகும்.

மார்ணி நிக்ஸனைத் திரையில் இரசிகர்கள் கண்டது 1965இல் வெளியான ‘த சவுண்ட் ஒவ் மியூசிக்’ படத்திலே. கன்னியர் மடத்துச் சகோதரிகளுள் ஒருவராக அவர் சிறு வேடம் தாங்கினார். அவருக்கு முகம் தந்த அப்படத்திலும் வேறிருவர் முகமற்றவராயினர். மடத்துத் தலைவிக்காகப் பாடியவர் மார்ஜறி மக்கே. நாயகன் கிறிஸ்ரோபர் பிளம்மருக்காகப் பாடியவர் பில் லீ. நிக்ஸனோ வெறும் இரவற் குரலாக வாழ்ந்தவரல்லர். அன்ரன் வேபேர்ன் முதலிய நவீன இசைவாணரின் கடினமான பாடல்களை இசைத்தட்டுகளிற் பாடினார். கச்சேரி மேடைகளில் தம் பெயரோடு நின்றார். 2006இல் தம் வரலாற்றை நூலாக எழுதினார். 2016ஆம் ஆண்டு ஜூலை 24ஆந் திகதி நியூயோர்க்கில், தமது 86ஆவது வயதிற் காலமானார். டெபோரா கேரும் நடாலி வூட்டும் ஓட்றி ஹெப்பேர்னும் பாடியதாக உலகம் நம்பிய பாடல்களைப் பாடியவர் இவரென்று அன்று பல நாட்டுப் பத்திரிகைகள் எழுதின. 2021இல் ‘வெஸ்ட் சைட் ஸ்ரோறி’ மீண்டும் படமாக்கப்பட்டபோது, நாயகியாக நடித்த றேச்சல் செக்லர் தாமே பாடினார்.

ஆயினும் பழைய படங்கள் அழியவில்லை. அவற்றின் பாடல்கள் இன்றும் உலகின் வானொலிகளில் ஒலித்துக்கொண்டே இருக்கின்றன. அனிற்றா எல்லிஸ், இந்தியா அடம்ஸ், பெற்றி நொய்ஸ், ஜிம்மி பிறையன்ற், மியூறியல் சிமித், மார்ஜறி மக்கே, பில் லீ ஆகியோர் தம் வேலையைச் செவ்வனே செய்து, சொற்ப ஊதியத்தைப் பெற்றுக்கொண்டு, பிறர் புகழ்பெறுவதைப் பார்த்திருந்தவர்கள். அப்பாடல்களுள் ஒன்று இனி உங்கள் செவியில் விழும்போது, நடித்தவரின் பெயரைச் சொல்லும் அதே வாயால், பாடியவரின் பெயரையும் வீட்டிலுள்ள பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். படநிலையங்கள் அன்று செலுத்தத் தவறிய கடனில் இயன்ற அளவையேனும் நாம் தீர்த்தவர்களாவோம்.