உறங்கும் கருவிகள் – 7: பூட்டைப் போட்டது யார்?

முன்கதை: 1992இல் இன்டெலும் மைக்ரோசாஃப்டும் ஏபிஎம் என்ற மின்சார மேலாண்மை விதிமுறையைக் கொண்டுவந்தன. 1996 டிசம்பரில் தோஷிபாவையும் சேர்த்துக்கொண்டு அடுத்த விதிமுறையான ஏசிபிஐயை வெளியிட்டன. மூடியை மூடினால் தூங்கவும் திறந்தால் விழிக்கவும் மடிக்கணினி பழகிக்கொண்டது. சென்ற வாரம் நாம் நிறுத்திய நாள் 2008 அக்டோபர் 22. அமெரிக்கக் கடைகளில் டி-மொபைல் ஜி1 விற்பனைக்கு வந்தது. முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசியான அதன் லைனக்ஸ் கெர்னலுக்குள், லைனக்ஸ் உலகம் அதுவரை ஏற்றுக்கொள்ளாத ஒரு பூட்டு இருந்தது.

*

அந்தப் பூட்டு எதற்கு என்று புரிய அமெரிக்காவுக்குப் போக வேண்டாம். பண்டமாரான் சாலையோரம் போதும்.

போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் தன் முறை வருவதற்காக ஒரு கொள்கலன் லோரி காத்து நிற்கிறது. ஓட்டுநர் இருக்கையைச் சாய்த்துக் கண்ணயர்ந்துவிட்டார். ஸ்டியரிங் பக்கத்தில் செருகிய கைப்பேசியின் திரையும் இருண்டு கிடக்கிறது. கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தால் அது அலறியாக வேண்டும். வராவிட்டால் பேட்டரியைத் தின்னாமல் கிடக்க வேண்டும். கேட்பதற்கு எளிய கோரிக்கைதான்.

கெர்னல் எப்படித் தூங்கப் போகிறது என்று பாருங்கள். முதலில் நினைவகத்தில் மிதக்கும் தரவுகளைச் சேமிப்பகத்தில் எழுதி முடிக்கும். அடுத்து, ஓடிக்கொண்டிருக்கும் செயலிகள் அனைத்தையும் அப்படியே உறைய வைக்கும். பிறகு சாதனங்களின் முறை. கிளையில் உள்ளது முதலில், வேரில் உள்ளது கடைசியில். தொடுதிரை முதலில் தூங்கும், அது தொங்கிக்கொண்டிருக்கும் கம்பித்தடம் பிறகு தூங்கும். மாறிப்போனால் தொடுதிரையிடம் கடைசி வார்த்தை பேசக்கூட வழி இருக்காது. எழுப்பும் உரிமை பெற்ற சில சமிக்ஞைகளைத் தவிர மற்ற எல்லா இன்டரப்ட்களும் அடைபடும். ஒன்றுக்கு மேல் பிராசசர் கருக்கள் இருந்தால் ஒன்றைத் தவிர மற்றவை அணையும். ரேம் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் நிலைக்குப் போனதும், பிராசசரின் மின்சாரம் துண்டிக்கப்படும். விழிக்கும்போது இதே வரிசை தலைகீழாக நடக்கும்.

அழைப்பு வருவதைக் கவனிக்க மோடம் சிப் தனியாக விழித்திருக்கிறது. அது ஓர் இன்டரப்ட் அனுப்பினால் பிராசசர் எழும், செயலிகள் உருகும், மணி அடிக்கும். பிராசசர் முழுதாகத் தூங்கிய பின் அழைப்பு வந்தால் சிக்கல் இல்லை.

தூங்கப் போகும் அந்தக் கணத்தில் வந்தால்?

மோடத்தின் இன்டரப்டைக் கெர்னல் வாங்கிவிட்டது. ‘அழைப்பு வந்திருக்கிறது’ என்ற செய்தியைத் தொலைபேசிச் செயலியின் வாசலில் வைத்தும்விட்டது. செயலி அதை எடுத்துப் பார்ப்பதற்குள் உறைய வைக்கும் கட்டம் தொடங்கிவிட்டது. செய்தி வாசலில் கிடக்க, செயலி உறைந்துபோக, கருவி நிம்மதியாகத் தூங்கிவிடும். இன்டரப்டின் வேலை முடிந்துவிட்டதால் மறுபடி எழுப்ப ஆளில்லை. அழைப்பு வந்தது லோரி ஓட்டுநருக்குத் தெரியவே தெரியாது.

மடிக்கணினிக்கு இது பெரிய கவலையாக இருந்ததில்லை. மூடியை மூடுவது மனிதன். இன்னொரு முறை திறந்து பார்த்துக்கொள்வான். கைப்பேசியோ ஒரு நாளில் எத்தனையோ முறை தானாகவே தூங்கி எழ வேண்டிய பொருள்.

கூகிளின் பொறியாளர்கள் கணக்கைத் தலைகீழாகப் போட்டார்கள். ஜி1இன் பேட்டரி 1150 மில்லி ஆம்பியர்-மணி மட்டுமே. ஆகவே உறக்கமே அதன் இயல்பு நிலை என்று வைத்தார்கள். விழித்திருக்கத்தான் காரணம் சொல்ல வேண்டும். காரணம் உள்ளவர் ஒரு பூட்டைப் பிடித்துக்கொள்ளலாம். அதுதான் வேக்லாக். மோடத்தின் டிரைவர் நிரல் செய்தியை வாங்கியதும் பூட்டைப் பிடிக்கும். செயலி தன் சொந்தப் பூட்டைப் பிடித்த பிறகே முதல் பூட்டு விடுபடும். கடைசிப் பூட்டும் விடுபட்டதும், யாரும் கேட்காமலே கெர்னல் தூங்கப் போய்விடும். அழைப்பு தவறிப்போகும் அந்த இடுக்கு அடைபட்டது.

ஜி1இல் அது வேலை செய்தது. ஆனால் 2009 பிப்ரவரியில், கூகிள் பொறியாளர் ஆர்வே யோன்னெவோக் அந்தக் குறியீட்டை லைனக்ஸ் கெர்னலின் மின்சார மேலாண்மைக் குழுவிடம் சமர்ப்பித்தபோது, அவருக்கு மாலை மரியாதை எதுவும் காத்திருக்கவில்லை.

*

எதிர்ப்பில் நியாயம் இருந்தது. பூட்டைப் பிடிக்கும் கட்டளை கெர்னலின் ஒவ்வொரு டிரைவருக்குள்ளும் பரவ வேண்டும். சாதாரண செயலிக்குக்கூட முழுக் கருவியையும் விழித்திருக்கச் செய்யும் அதிகாரம் போய்ச் சேரும். ஒழுங்காக எழுதப்பட்ட அமைப்பில் வேலை இல்லாத நேரத்தில் பிராசசர் தானாகவே ஆழ்ந்த ஓய்வுக்குப் போகுமே, எல்லோரையும் உறைய வைப்பானேன் என்று கேட்டார்கள்.

வெறும் வாயால் கேட்கவில்லை. 2009 நவம்பரில் நோக்கியா என்900 கைக்கு வந்தது. அதுவும் லைனக்ஸ்தான். ஆனால் அது செயலிகளை உறைய வைக்கவே இல்லை. வேலைக்கும் வேலைக்கும் இடையில் கிடைக்கும் சின்னஞ்சிறு இடைவெளிகளிலேயே ஓமாப்3 சிப்பை ஏறக்குறைய அணைத்துவிடும். அதற்கு அடிப்படையான சிபியு-ஐடில் என்ற ஏற்பாடு 2008 ஜனவரியில் வெளிவந்த 2.6.24 கெர்னலில் சேர்ந்தது. அதை உருவாக்கிய மூவரில் ஒருவர் இன்டெலின் வெங்கடேஷ் பள்ளிபாடி. ஓமாப்3க்கான அதன் கோப்பைத் திறந்தால், தலைப்பில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பொறியாளர்கள் ராஜேந்திர நாயக், கார்த்திக் தாசு ஆகியோரின் பெயர்கள் இருக்கும்.

ஆண்ட்ராய்டு தரப்பின் பதில் ஒன்றே ஒன்று: எங்கள் கைப்பேசியில் யார் எழுதிய செயலி ஏறும் என்று எங்களுக்கே தெரியாது. யாரோ எழுதிய விளையாட்டு ஒன்று நொடிக்கு அறுபது முறை கடிகாரத்தைத் தட்டி எழுப்பிக்கொண்டே இருந்தால், உங்கள் ஆழ்ந்த ஓய்வுக்கு இடைவெளி எங்கிருந்து கிடைக்கும்?

வாதம் முடியாமல் இழுத்தது. இடையில் ஆண்ட்ராய்டின் சில டிரைவர்கள் கெர்னலின் பரிசோதனைப் பகுதியில் இடம் பெற்றிருந்தன. பராமரிக்க ஆளில்லாததால், 2010 பிப்ரவரியில் வெளியான 2.6.33இலிருந்து அவற்றை அந்தப் பகுதியின் பொறுப்பாளர் கிரெக் க்ரோ-ஹார்ட்மன் தூக்கிவிட்டார். அதே மாதம் அவர் பகிரங்கமாகவே சொன்னார்: பூட்டு கெர்னலில் இல்லாதவரை, அந்தப் பூட்டை நம்பி எழுதப்பட்ட டிரைவர்களும் உள்ளே வர முடியாது. கைப்பேசி நிறுவனங்கள் எழுதும் குறியீடெல்லாம் லைனக்ஸிலிருந்து பிரிந்த தனிக் கிளையில் தேங்கத் தொடங்கியது. ஒரே கெர்னல் இரண்டாக உடைந்துவிடுமோ என்ற பேச்சு எழுந்தது.

2010 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த லைனக்ஸ் மாநாட்டில் இரு தரப்பும் நேரில் பேசின. யோன்னெவோக் வேக்லாக் என்ற பெயரை மாற்றி, குறியீட்டைத் திருத்தி, மே மாதத்துக்குள் எட்டாம் பதிப்பு வரை அனுப்பிவிட்டார். அப்போது ரெட் ஹேட்டில் இருந்த மேத்யூ கேரட், மோசமான செயலிகள் நிறைந்த உலகில் இதைவிட நல்ல வழி எவரும் காட்டவில்லை என்று அவருக்காக வாதாடினார். மின்சார மேலாண்மைப் பகுதியைப் பராமரித்த போலந்துக்காரர் ரஃபேல் விசோட்ஸ்கியும் இசைந்தார். குறியீடு அவருடைய கிளையில் சேர்ந்தது. 2.6.35இல் சேர்த்துக்கொள்ளும்படி, லைனக்ஸை உருவாக்கிய லைனஸ் டோர்வால்ட்ஸுக்குக் கோரிக்கையும் போயிற்று.

கடைசி நேரத்தில் சண்டை மறுபடி வெடித்தது. தாமஸ் கிளைக்ஸ்னர், ஆலன் காக்ஸ் போன்ற மூத்தவர்கள் எதிரணியில் நின்றார்கள். மே 30ஆம் தேதி 2.6.35க்கான சேர்க்கைக் காலம் முடிந்தது. டோர்வால்ட்ஸ் அந்தக் குறியீட்டை எடுத்துக்கொள்ளவில்லை.

ஓராண்டுக்கு மேல் நடந்த உழைப்பு வாசலிலேயே நின்றது. ஆனால் விசோட்ஸ்கி சும்மா இருக்கவில்லை. அடுத்த மாதமே வேறொன்றை நீட்டினார். பார்த்தவர்களுக்கு அதில் பூட்டே தென்படவில்லை. ஓர் எண் மட்டும் இருந்தது.

*

அந்த எண்ணை விளக்க, துறைமுகக் கிடங்கில் இரவு ஜாகா வேலை பார்ப்பவரைத் துணைக்கு அழைக்கிறேன். வாசலில் ஒரு பதிவேடு. வரும் ஒவ்வொரு லோரிக்கும் வரிசை எண் விழும். வாசலை அடைக்க நினைக்கும் ஜாகா முதலில் கடைசி எண்ணைப் பார்த்துக்கொள்கிறார், 214 என்று வையுங்கள். உள்ளே போய், வந்த லோரிகளின் வேலையெல்லாம் முடிந்ததா என்று சரிபார்க்கிறார். திரும்பி வந்து தாழ்ப்பாளில் கை வைக்கும் முன் பதிவேட்டை மறுபடி பார்க்கிறார். இன்னும் 214 என்றால் அடைக்கலாம். 215 என்றால் அவர் உள்ளே இருந்தபோது யாரோ வந்திருக்கிறார்கள், அடைக்கக் கூடாது.

விசோட்ஸ்கியின் ‘வேக்கப் கவுண்ட்’ செய்வது இதைத்தான். எழுப்பும் நிகழ்வு ஒவ்வொன்றுக்கும் கெர்னல் ஓர் எண்ணைக் கூட்டிக்கொண்டே போகும். தூங்க வைக்க விரும்பும் நிரல் முதலில் அந்த எண்ணைப் படிக்கும். செயலிகளின் வேலை முடிந்ததை உறுதிசெய்துவிட்டு, தான் படித்த எண்ணையே திருப்பி எழுதும். இடையில் எண் மாறியிருந்தால் கெர்னல் அதை ஏற்காது, உறக்கம் நடக்காது. எழுதிய பிறகு, தூங்கப் போகும் வழியில் புதிய நிகழ்வு வந்தாலும் கெர்னல் பாதியிலேயே திரும்பிவிடும். லோரி ஓட்டுநரின் அழைப்பு விழுந்து தொலைந்த அதே இடுக்கு இப்போது வேறு வழியில் அடைபட்டது.

2010 அக்டோபர் 20 அன்று வெளியான 2.6.36 கெர்னலில் இது இடம்பிடித்தது. எதிரணிக்கும் மறுக்கக் காரணம் இல்லை. எப்போது தூங்குவது, யாரை நம்புவது என்ற கொள்கை முடிவுகளைக் கெர்னல் தன் தலையில் சுமக்கவில்லை. அவற்றை வெளியே உள்ள நிரலிடம் விட்டுவிட்டு, எண்ணும் வேலையை மட்டும் தான் வைத்துக்கொண்டது.

அடுத்த இரண்டு ஆண்டுகளில் இறுக்கம் தளர்ந்தது. 2012 மார்ச்சில் வெளிவந்த 3.3 கெர்னலில் ஆண்ட்ராய்டின் பல பகுதிகள் பரிசோதனைப் பகுதிக்குத் திரும்பின. அதே ஆண்டு ஜூலை 21 அன்று வெளியான 3.5இல், பூட்டில்லாத நேரத்தில் தானே தூங்கும் ‘ஆட்டோஸ்லீப்’ வசதியும், செயலிகளின் பக்கத்திலிருந்து பிடிக்கக்கூடிய வேக்லாக்கும் சேர்ந்தன. எழுதியவர் விசோட்ஸ்கியேதான், தன்னுடைய எண்ணும் முறையின் மேல் கட்டி. ஆண்ட்ராய்டும் தன் பங்குக்கு இறங்கி வந்தது. அதன் 3.4 கெர்னலில் பழைய வேக்லாக் அழைப்புகளின் அடியில் விசோட்ஸ்கியின் ஏற்பாடே ஓடியது.

ஆக, 2009இல் தொடங்கிய வழக்கில் கூகிள் கேட்ட வசதி கிடைத்தது, கூகிளின் குறியீடு நுழையவில்லை. எதிர்த்தவர்கள் குறியீட்டைத் தடுத்தார்கள், வசதியைத் தடுக்க முடியவில்லை. என் தீர்ப்பு இது: சண்டையின் உண்மையான பலன், ‘தூங்கலாமா?’ என்ற கேள்விக்கும் தூக்கத்துக்கும் நடுவே உள்ள அந்த ஒரு கணத்தைக் கெர்னல் முதன்முறையாக நேர்மையாகக் கணக்கில் எடுத்துக்கொண்டதுதான். இன்று போர்ட் கிள்ளானில் ஓடும் லோரிகளில் கண்காணிப்புக் கருவியோ கைப்பேசியோ லைனக்ஸில் ஓடினால், அதன் கெர்னலில் இந்த எண்ணும் முறை இருக்க வாய்ப்பு அதிகம்.

கதை சுபமாக முடிந்தது என்று புத்தகத்தை மூடிவிடாதீர்கள். 3.5 வெளிவருவதற்கு ஒரு மாதம் முன்பு, 2012 ஜூனில், ஓர் ஆய்வுக் கட்டுரை ஒரு மாநாட்டின் மேடை ஏறியது. எழுதிய பர்டியூ பல்கலைக்கழகக் குழுவில் அபினவ் பாத்தக், அபிலாஷ் ஜிண்டல் என்ற இரண்டு இந்தியர்களும் இருந்தார்கள். அவர்கள் கேட்ட கேள்வி, என் கைப்பேசியை விழித்திருக்க வைப்பது எது என்பது. விடையைத் தேடி அவர்கள் கெர்னலுக்குள் போகவில்லை. நாம் ஆசையாக இறக்கி வைத்த செயலிகளுக்குள் போனார்கள். பூட்டைப் பிடித்துவிட்டு விட மறந்த செயலிகள் அங்கே அகப்பட்டன.

கெர்னல் கஷ்டப்பட்டுக் கொடுத்த பூட்டைக் கூகிளே மூன்று ஆண்டுகள் கழித்து, ஆண்ட்ராய்டு 6இல், செயலிகளின் கையிலிருந்து பிடுங்க வேண்டிவந்தது. எப்படிப் பிடுங்கினார்கள், அதனால் யாருடைய அலாரம் அடிக்காமல் போயிற்று என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)