மழைக் கணக்கேட்டில் ஒரு கடல்

2024 ஏப்ரலில் மலேசியாவின் போர்ட்டிக்சன் கடலோரத்துக் கூப்பாங் சிப்பியைத் தின்ற சிலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அந்தக் கரைச் சிப்பிகளை உண்ண வேண்டாம் என்று மீன்வளத்துறை எச்சரித்தது. சிப்பி தானாக நஞ்சை உண்டாக்குவதில்லை. கடல்நீரில் மிதக்கும் ஒற்றைச் செல் பாசிகளை வடிகட்டித் தின்று, அவற்றில் சிலவற்றின் நஞ்சைத் தன் உடலில் சேர்த்துக்கொள்கிறது. கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது.

செய்தியைப் படித்தபோது எனக்கு எழுந்த கேள்வி ஒன்றுதான். இந்தக் கரையில் எந்த மாதம் எந்த மிதவைப்பாசி பெருகும் என்று யாராவது எப்போதாவது எழுதி வைத்தார்களா?

முதலில் கிடைத்த தடயம் உப்சாலாவிலிருந்து வந்தது. பெர் தியோடர் கிளேவ் என்ற சுவீடன் நாட்டு வேதியியல் பேராசிரியர் 1879இல் ஹோல்மியம், தூலியம் என்ற இரண்டு தனிமங்களைக் கண்டறிந்தவர். பிற்காலத்தில் டயட்டம் என்ற மிதவைப்பாசிமேல் பித்துப் பிடித்தவர். இந்தியப் பெருங்கடல், மலாய்த் தீவுக்கூட்டம் ஆகியவற்றின் மிதவை உயிரிகளைப் பற்றி 1901இல் ஒரு நூல் வெளியிட்டார். தலைப்பைப் பார்த்ததும் ஆசை வந்தது. ஆனால் இத்தகைய பட்டியல்கள், ஓர் உயிரி ஒரு நாள் ஓரிடத்தில் இருந்தது என்பதை மட்டுமே சொல்லும். அடுத்த மாதமும் இருந்ததா என்று கேட்டால் பதில் இல்லை.

மாதவாரிக் கணக்கு வேண்டுமென்றால் ஒருவர் ஒரே இடத்தில் இருந்து திரும்பத் திரும்ப வலை வீச வேண்டும். சென்னையில் அது நடந்தது. கோபால ஐயரும் இரு மேனன்களும் 1929, 1930 ஆண்டுகளின் மிதவை உயிரிப் பதிவுகளை 1936இல் சென்னைப் பல்கலைக்கழக இதழில் வெளியிட்டார்கள். சென்னைக் கரை டயட்டங்களைப் பற்றி ஆர். சுப்பிரமணியன் 1946இல் எழுதியது இன்றும் புரட்டப்படும் ஆய்வுக் கட்டுரை. ஜாவாக் கடலுக்கு ஆலனும் கப்பும் 1935இல் எழுதினார்கள். சிங்கப்பூர் நீரிணைக்குத் தாம் ஆ கோவ் 1953இல் எழுதினார். அந்த வரிசையில் போர்ட்டிக்சனுக்கு மட்டும் ஒரு வெற்றிடம். டெலுக் கெமாங்கில் புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தின் நீர்வாழ் ஆய்வு நிலையம் வந்ததெல்லாம் வெகு பிற்பாடு.

சென்னை போன்ற இந்தியக் கரைகளின் கணக்கை இங்கே ஒட்டிப் பார்க்கலாமே என்று தோன்றும். ஒட்டாது. எடுத்துக்காட்டாக, கள்ளிக்கோட்டையில் தென்மேற்குப் பருவக்காற்று அடியிலுள்ள சத்தான நீரை மேலே கொண்டுவருகிறது. அங்கே மிதவைப்பாசி உச்சம் தொடுவது அந்த மாதங்களில்தான். மலாக்கா நீரிணையில் அதே காற்றைச் சுமத்திரா மலைகள் மறித்துக்கொள்கின்றன. நமக்கு வருவது விடியற்காலையில் சுழற்றியடிக்கும் ‘சுமத்திராக் காற்று’ மழைதான். 2006இல் வெளிவந்த ஜப்பானிய–மலேசிய ஆய்வு ஒன்று, 1997 முதல் சீவிஃப்ஸ் என்ற செயற்கைக்கோள் கருவி எடுத்த கடல்நிறத் தரவைக் கொண்டு, நீரிணையின் வட, நடுப் பகுதிகளில் வடகிழக்குப் பருவக்காற்றின்போது பச்சையம் கூடுவதைக் காட்டியது. எனக்கு அதில் ஒரு தயக்கம் உண்டு. ஆற்று முகத்துவாரத்தின் சேறும், அழுகிய இலைச்சாறு கலந்த பழுப்பு நீரும் செயற்கைக்கோள் கண்ணுக்குப் பாசிபோலவே தெரியும். நடுக்கடலுக்கு நம்பலாம். கூப்பாங் வளரும் கரையோரத்துக்கு அப்படியே நம்ப முடியாது.

அப்போதுதான் கடலை விட்டுவிட்டு ஆற்றைப் பிடித்தேன். போர்ட்டிக்சனுக்குத் தெற்கே கடலில் சேருவது லிங்கி. ரந்தாவ், சிலியாவ் பக்கத்து மழையெல்லாம் அதில்தான் இறங்குகிறது. டயட்டம் தன் ஓட்டைக் கட்டச் சிலிக்கா வேண்டும். அது பாறையிலிருந்து கரைந்து ஆற்று வழியாக வருகிறது. உரத்து நைட்ரஜனும் கூடவே வருகிறது. அந்த மழையை நாள் தவறாமல் அளந்தது யார்? ரப்பர்த் தோட்டத்து ஆபீஸ்தான்.

ஓய்வுபெற்ற கிராணி (தோட்டத்து எழுத்தர்) ஒருவர் வீட்டில் அப்படி ஓர் ஏட்டைப் பார்த்தேன். நீளவாக்கில் கோடு போட்ட பக்கம், நாளுக்கு ஒரு கட்டம், மழை அங்குலத்தில். மழையில்லாத நாளில் ஒரு சிறு கோடு. ஓரத்தில் செல்லரித்த இடத்தில் மட்டும் எண்கள் பாதி போயிருந்தன.

“இதுல தப்பெழுதியிருக்க மாட்டீங்களா, ஐயா?” என்று கேட்டேன்.

“எப்படித் தம்பி எழுத முடியும்? பால் கணக்கோட ஒட்டணும்ல? மழைன்னு எழுதிட்டுப் பால் வந்திருந்தா தொர சும்மா விடுவாரா?”

ஆவணம் தேடுகிறவனுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, ஆள் வந்தும் பால்வெட்டு நடக்காத நாட்கள் தனி ஏட்டில் இருக்கும். இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்துச் சரிபார்க்கலாம். ஒரு சிக்கல் இருந்தது. மழைமானியைக் காலையில் பார்க்கிறார்கள். விடியற்காலை கொட்டிய மழையை அன்றைய தேதியில் போடுவதா, முந்தைய நாளில் போடுவதா? வெட்டு நின்ற தேதிகளோடு ஒப்பிட்டபோது அந்த எழுத்தர் அன்றைய தேதியிலேயே போட்டது தெரிந்தது. ஒரு நாள்தானே என்று விடக்கூடாது. டயட்டம் ஒரு நாளிலேயே இரட்டிப்பாகிவிடும். ஆனாலும் பெருமழை முடிந்த உடனே கடல் பச்சையாகிவிடாது. சேறு அடங்கி வெளிச்சம் உள்ளே போன பிறகுதான் பெருக்கம்.

போர்ட்டிக்சன் இருக்கும் நெகிரி செம்பிலானில் மழைக்கு இரண்டு உச்சங்கள்: ஏப்ரலை ஒட்டி ஒன்று, அக்டோபர்–நவம்பரில் பெரியது. ஜனவரி–பிப்ரவரி வறட்சி. 2024 சம்பவம் வறட்சி முடிந்து மழை திரும்பும் வேளையில் வந்தது. தீபகற்ப மலேசியாவில் சிப்பி வழியே உடலை முடக்கும் பாசிநஞ்சு முதலில் பதிவானது மலாக்காவின் செபாத்துவில், 1991 தொடக்கத்தில். வளர்ப்புக் கூப்பாங்கைத் தின்ற மூவர் நோயுற்றார்கள். பின்னாளில் குற்றவாளியாக அடையாளம் காணப்பட்ட அலெக்ஸாண்ட்ரியம் தாமியாவனிச்சி என்ற பாசியை, பலேக் என்ற ஆய்வாளர் 1994இல்தான் தனி இனமாக விவரித்தார். அதனால் 1991 கோப்புகளில் அந்தப் பெயரைத் தேடுவது வீண் வேலை.

இரண்டு சம்பவங்களைக் கொண்டு இதுதான் நஞ்சுப் பருவம் என்று முடிவு கட்ட மாட்டேன். இந்த நீரிணையில் ‘எப்போது’ என்று கேட்கும் முன் ‘எங்கே’ என்று கேட்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. இங்கே மேல்நீர் மொத்தத்தில் வடமேற்காக, அந்தமான் கடலை நோக்கி நகர்கிறது. அந்தக் கணக்கில் செபாத்து போர்ட்டிக்சனுக்கு மேல்மடை. இடையே 80 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. தினமும் இருமுறை ஏறி இறங்கும் அலையேற்றமும் இருக்கிறது. அங்கிருந்து விதை இங்கே வந்தது என்று சொல்லிவிட முடியாது. அலெக்ஸாண்ட்ரியம் உறங்கும் முட்டைபோலத் தன்னைச் சுருக்கிக்கொண்டு அடிச்சேற்றில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் என்பதால், இரு இடத்துச் சேற்றையும் அடுக்கடுக்காக எடுத்துக் காலம் கணித்தால் விடை கிடைக்கலாம். அது ஆய்வுக்கூடத்தின் வேலை.

என் வேலை காகிதம். 1990 அக்டோபர் முதல் 1991 பிப்ரவரி வரையான மழைப் பக்கங்கள் எனக்கு வேண்டும். லிங்கிக் கரைத் தோட்டங்களின் ஏடு இதற்கு உதவாது; செபாத்துவுக்கு அருகில் கடலில் சேரும் கேசாங் ஆற்றை ஒட்டிய தோட்டங்களின் ஏடுதான் வேண்டும். ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டபோதும், செம்பனையை அழித்து வீடு கட்டியபோதும் ஆபீஸ் அலமாரிகள் காலியாகின. கிராணி வேலை பார்த்தவர்கள் வீட்டுப் பரணில் அப்படி ஏதாவது கிடந்தால், பழைய பேப்பர்காரனுக்குப் போடுமுன் ஒருமுறை காட்டுங்கள்.