ரூபாவின் அடையாளமும் நம்ம ஊர்க் கணக்கும்



பள்ளிவாசல் சந்தா, ஸகாத் நிதி, பாடசாலை அபிவிருத்திச் சங்கம் என்று நம் ஊர்க் கணக்குகள் பல இப்போது எக்செல்லில் வட்ஸ்அப் குழுக்களுக்கு வருகின்றன. நல்ல மாற்றம். ஆனால் சிலவற்றில் தொகைக்கு முன்னால் ₹ என்ற அடையாளம் நிற்கிறது. அது நம் காசு அல்ல. இந்திய அரசு 2010 ஜூலை 15இல் ஏற்றுக்கொண்ட அடையாளம் அது. வரைந்தவர் தமிழ்நாட்டின் உதயகுமார். கணினியில் இந்தியாவுக்குரிய அமைப்பு இருந்தால் தானாகவே வந்து ஒட்டிக்கொள்ளும்.

ரூபா என்ற பெயர் இரு நாட்டுக்கும் பொதுவானது. 16ஆம் நூற்றாண்டில் டில்லியை ஆண்ட ஷேர் ஷா சூரி வெளியிட்ட வெள்ளிக் காசுதான் 'ரூபியா'. இலங்கையிலோ ஆங்கிலேயர் 1825இல் பவுண், ஷில்லிங், பென்ஸ் கணக்கைக் கொண்டுவந்தார்கள். ஆனால் 1836இல் இந்திய ரூபாவே இங்கும் நியமக் காசானது. கோப்பித் தோட்டங்களுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து மன்னாரில் இறங்கி, தம்புள்ளை, மாத்தளை வழியாக நடந்து வந்த மக்களுக்குப் பழக்கமான காசும் அதுவே. இப்படிக் கையில் ரூபாவும் ஏட்டில் பவுணுமாக இருந்த குழப்பம் 1872 ஜனவரி 1இல் தீர்ந்தது. ரூபாவே ஒரே கணக்கு அலகானது, ஒரு ரூபாவுக்கு 100 சதம் என்றும் ஆனது. இந்தியா அணா, பைசாவை விட்டுத் தசமக் கணக்குக்கு மாறியது 1957இல். நாம் 85 வருடம் முந்திவிட்டோம். இன்றும் நாம் சொல்வது 'ரூபா', 'ரூபாய்' அல்ல. நாம் சொல்வதும் 'சதம்', 'பைசா' அல்ல.

கடைச் சிட்டையில் 500/= என்று எழுதுகிறோமே, அதற்கும் ஒரு கதை உண்டு. ஆங்கிலேயர் 5/- என்று எழுதினால் ஐந்து ஷில்லிங், பென்ஸ் ஒன்றுமில்லை என்று பொருள். ஷில்லிங் போய்விட்டது, கோடு நம்மோடு தங்கிவிட்டது. தொகைக்குப் பின்னால் யாரும் ஒரு இலக்கத்தைச் செருகிவிடாமல் அது வாசலை அடைக்கிறது. கையெழுத்துக் கணக்கில் அது காவல்.

எக்செல்லில் அதே காவல் குழி பறிக்கும். ஒரு கட்டத்தில் 500/= என்றோ ரூ.500 என்றோ டைப் செய்தால், கணினி அதை எண்ணாக எடுக்காது, எழுத்தாகவே எடுக்கும். கூட்டுத்தொகை போடும்போது அந்தக் கட்டத்தைச் சத்தமில்லாமல் தாண்டிப்போகும். 40 வீட்டுச் சந்தாவில் பத்து வீட்டை இப்படி எழுதினால் 5,000 ரூபா குறையும், பிழை என்று ஒரு சொல்லும் வராது. ஜமாஅத்தின் பார்வை திரும்புவது பொருளாளர் மீதுதான். ஒரு சதமும் எடுக்காத மனிதர் தலைகுனிய நேரும்.

வழி இலகுவானது. கட்டத்தில் வெறும் இலக்கத்தை மட்டும் எழுதுங்கள். பிறகு அந்த நிரல் முழுவதையும் தெரிவுசெய்து, கண்ட்ரோல் விசையோடு 1ஐ அழுத்தி, நம்பர் பகுதியில் கஸ்டம் என்பதற்குப் போய் இப்படி எழுதுங்கள்:

"ரூ. "#,##0.00

அடையாளம் கண்ணுக்குத் தெரியும், எண் எண்ணாகவே இருக்கும். ஏற்கெனவே எழுதிய கணக்கைச் சோதிக்க ஒரு குறிப்பு: நீங்கள் ஒழுங்கை மாற்றாதிருந்தால் எண்கள் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்துகள் இடப்பக்கம் நிற்கும். இடப்பக்கம் நிற்கும் தொகையைச் சந்தேகப்படுங்கள்.

குர்ஆனின் மிக நீளமான வசனம், ஸூரத்துல் பகராவின் 282ஆவது வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. எழுதுபவர் நீதியாக எழுத வேண்டும் என்கிறது. அன்று அது ஏட்டுக்கும் எழுதுகோலுக்கும் பொருந்தியது, இன்று எக்செல் நிரலுக்கும் பொருந்தும். அமானிதமான பணம் எந்த நாட்டுக் காசு, எவ்வளவு என்பது பார்த்தவுடன் விளங்க வேண்டும்.

உங்கள் ஊர்ப் பொருளாளருக்கு இதை அனுப்பிவையுங்கள். வீட்டில் வாப்பா, அப்பா காலத்துக் கடைச் சிட்டை இருந்தால் கீழே படம் போடுங்கள், எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பார்ப்போம்.