சாராபாயின் கூற்றும் ககன்யானின் சோதனை வரிசையும்

மனிதரை விண்ணுக்கு அனுப்பும் இந்தியத் திட்டம் பற்றிய ஆய்வுகளில் ஒரு வாசிப்பு ஆழ வேரூன்றியிருக்கிறது. முன்னேறிய நாடுகளோடு நிலவிலும் கோள்களிலும் மனித விண்பயணத்திலும் போட்டியிடும் கனவு நமக்கில்லை என்றார் விக்ரம் சாராபாய். ஆகவே 2018இல் அறிவிக்கப்பட்ட ககன்யான் அவர் வகுத்த பாதையை விட்டு விலகியது, மக்கள் பயனைக் கைவிட்டுப் பெருமையைத் தேடியது என்கிறது அவ்வாசிப்பு. மூலக் கூற்றை முழுமையாகப் படிப்பவர் இம்முடிவுக்கு வருவது கடினம்.

அக்கூற்றில் மனிதப் பயணம் தனியாக விலக்கப்படவில்லை. நிலவு, கோள்கள், மனிதப் பயணம் மூன்றும் ஒரே மூச்சில் வருகின்றன. இதைத் தடைப்பட்டியல் என்று கொண்டால், 2008இல் சந்திரயான்-1 புறப்பட்டபோதே தடை மீறப்பட்டுவிட்டது. 2013இல் மங்கள்யானோடு இரண்டாம் முறையும் மீறப்பட்டது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 தரையிறங்கியபோது, அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேலின் சொந்த மாவட்டமான விழுப்புரம் கொண்டாடியது. அந்தக் கொண்டாட்டத்தைச் சாராபாயின் கனவு நனவானதாகவும், ககன்யானை அவருக்கு இழைத்த துரோகமாகவும் ஒரே கூற்றைச் சான்றாக வைத்து நிறுவ முடியாது.

கூற்றின் எஞ்சிய பகுதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வளரும் நாட்டுக்கு விண்வெளி எதற்கு என்று கேட்டவர்களுக்கு அளித்த பதில் அது. மேம்பட்ட தொழில்நுட்பத்தை மனிதரின், சமூகத்தின் மெய்யான சிக்கல்களில் பயன்படுத்துவதில் நாம் எவருக்கும் பின்தங்கலாகாது என்று சொல்லிவிட்டு, பொருளாதார, சமூக முன்னேற்றத்தைவிடக் காட்சியையே முதன்மை விளைவாகக் கொண்ட ஆடம்பரத் திட்டங்களோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று முடிக்கிறார். எந்தத் திட்டம் ஆகாது என்று அவர் பெயர் சொல்லி ஒதுக்கவில்லை. எப்படி எடை போடுவது என்பதையே சொல்கிறார். இதிலிருந்து அவர் ககன்யானை ஆதரித்திருப்பார் என்று முடிவு கட்டுவதும் தவறு. 1971இல் மறைந்தவரிடம் அந்த ஒப்புதலைப் பெற வழியில்லை.

அளவுகோலை எதன்மேல் வைப்பது என்பதில்தான் முந்தைய ஆய்வாளர்களோடு நான் முரண்படுகிறேன். அவர்கள் ககன்யானை அறிவித்த 2018 செங்கோட்டை உரையையும் அரசு அறிவிப்புகளையும் அளக்கிறார்கள். உரையில் காட்சி கட்டாயம் இருக்கும். விண்கலத்தின் வடிவமைப்பையும் அது சோதிக்கப்பட்ட வரிசையையும் அளந்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது. செஞ்சிக் கோட்டையின் ராஜகிரியை ஏறிட்டுப் பார்ப்பவர் அதன் உயரத்தில் மயங்குவார். ஏறத்தாழ எட்டாண்டு முகலாய முற்றுகையில் உள்ளிருந்தோரைத் தாங்கியவை நீர்நிலையும் களஞ்சியமும், மராட்டிய மன்னர் ராஜாராமைக் காத்தது வெளியேற ஒரு வழி. மனிதர் ஏறும் விண்கலத்தையும் அப்படித்தான் மதிப்பிட வேண்டும்.

2007 ஜனவரியில் சுமார் 550 கிலோ எடையுள்ள கலம் ஒன்று சுற்றுப்பாதையிலிருந்து வங்கக் கடலில் இறங்கி மீட்கப்பட்டது. 2014 டிசம்பரில் வீரர்கள் அமரும் பெட்டகத்தின் ஆளில்லா மாதிரி வளிமண்டலத்தில் மறுநுழைவு செய்தது. 2018 ஜூலை 5 அன்று, அதாவது செங்கோட்டை அறிவிப்புக்கு ஆறு வாரம் முன்பே, ஏவுதளத்தில் விபத்து நேர்ந்தால் பெட்டகத்தைப் பிய்த்துக்கொண்டு போகும் தப்பிப்பு அமைப்பு ஸ்ரீஹரிகோட்டாவில் சோதிக்கப்பட்டது. திரும்பி வருவதும் தப்பிப்பதுமே முதலில் தீர்க்கப்பட்டிருக்கின்றன. 2023 அக்டோபர் 21 சோதனை இன்னும் தெளிவான சான்று. ராக்கெட் பழுதாகும் தறுவாயைச் சுமார் 12 கிலோமீட்டர் உயரத்தில் உண்டாக்கிப் பார்ப்பதற்காகவே ஒரு தனி ராக்கெட் கட்டப்பட்டது. காட்சிக்காகச் செலவிடுபவர் தோல்வியை ஒத்திகை பார்க்க ராக்கெட் கட்டமாட்டார்.

மகேந்திரகிரியில் நடந்த என்ஜின் சோதனைகளின் சான்றும் இதையே சொல்கிறது. சிஇ-20 கிரையோஜெனிக் என்ஜின் மனிதப் பயணத்துக்குத் தகுதி பெறக் குறைந்தது 6,350 விநாடி எரிந்து காட்ட வேண்டும். 2024 பிப்ரவரியில் தகுதி பெற்றபோது நான்கு என்ஜின்கள் 39 சோதனைகளில் மொத்தம் 8,810 விநாடி எரிந்திருந்தன.

2022க்குள், சுதந்திரத்தின் 75ஆம் ஆண்டில், வீரர்கள் பறப்பார்கள் என்று குறித்தது காட்சிதானே என்பார்கள். ஆம், அது காட்சிதான். ஆனால் வடிவமைப்பாளர்கள் அந்த நாளுக்குக் கட்டுப்படவில்லை. நாள் தள்ளிப்போனது, சோதனைகள் எதுவும் விட்டுப்போகவில்லை. பெருந்தொற்றுதான் காரணம் என்பது 2021 வரை பொருந்தலாம். அதற்குப் பிந்தைய தாமதத்தை அது விளக்காது. விண்ணுக்கு மனிதர் வேண்டாம், இயந்திரமே போதும் என்ற வாதம் அறிவியல் பயனைப் பற்றியது. அது வலுவான வாதந்தான், ஆனால் சாராபாயைச் சாட்சிக்கு அழைக்க அதற்கு உரிமையில்லை. திட்டத்துக்கு முதலில் ஒதுக்கிய 9,023 கோடி ரூபாயைப் பள்ளிகளுக்குத் தரலாமே என்பதும் அப்படியே.

அவருடைய அளவுகோலுக்கு இன்று உண்மையில் வேலையிருக்கும் இடம் வேறு. 2024 செப்டம்பரில் அமைச்சரவை இத்திட்டத்தை விரிவாக்கி, இந்திய விண்வெளி நிலையத்தின் முதல் பகுதியையும் சேர்த்து, மொத்த ஒதுக்கீட்டை 20,193 கோடியாக உயர்த்தியது. அந்த நிலையத்தில் எந்த ஆய்வு, யாருடைய எந்தச் சிக்கலுக்காக நடக்கப்போகிறது என்ற கேள்வி பொது விவாதத்தில் இன்னும் கூர்மை பெறவில்லை. முதல் பகுதியை ஏவ அமைச்சரவை குறித்த 2028க்கு முன்பே அதைக் கேட்டாக வேண்டும்.